மணி கேட்கிறவள்

லாரியிலிருந்து கட்டில் இறங்கும்போது சாயங்காலம் நாலரை மணி. மாடிப்படி குறுகல். தலைமாட்டுப் பலகையைச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்து, சுமை தூக்கிகள் இரண்டு பேரும் படிக்குப் படி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஏறினார்கள். பழைய வீடு. கீழே ஓனர், மேலே இவர்கள். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, பின்னால் சமையலறை. சுவரெல்லாம் ஒரு முழத் தடிமன். "எந்த வெயில்லயும் உள்ள சில்லுன்னு இருக்கும்" என்று ஓனர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் தலையாட்டினாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் டெக்னீஷியன். இருபத்தாறு வருஷ சர்வீஸ். மாதவிடாய் நின்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. போகும்போது அது தூக்கத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பகலில் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும். அப்போதெல்லாம் ரத்தப் பைகள் அடுக்கியிருக்கும் குளிர்ப்பெட்டியைத் திறந்து, எதையோ தேடுகிறவள் மாதிரி முகத்தை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால் அங்கே அவளுக்கு ஐஸக்கா என்று பெயர். கூட வேலை பார்க்கும் சின்னப்பெண் வைத்த பெயர்.

கணவர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் எந்தக் கண் எவ்வளவு மங்கல் என்பது அவருக்கு மனப்பாடம். பெண்டாட்டி ராத்திரி தூங்குகிறாளா இல்லையா என்பது மட்டும் தெரியாது. தலையணையில் தலை பட்டால் போதும், அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிடுவார். "கண்ண மூடிட்டுப் பேசாம படு, தூக்கம் தானா வரும்" என்பது அவருடைய வைத்தியம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு பார்த்தது மட்டும் அவர் செய்த நல்ல காரியம். அதுவரை தூங்காத கண்ணோடு அவள் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தாள்.

"இதென்னங்க, பெட்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கு?" என்றாள் அவள்.

ஓனர் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். சர்வேயர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் சர்வேயர்தான். மாடியை வாடகைக்குக் காட்டிய அன்றும் அவர் கடைசிப் படிக்கு மேல் ஏறவில்லை.

"பழைய கதவும்மா" என்று மட்டும் சொன்னார். இறங்கிப் போய்விட்டார்.

முதல் ராத்திரி, வழக்கம்போல அவளுக்கு விழிப்பு வந்தது.

அது எப்போதும் ஒரே மாதிரிதான் வரும். முதலில் நெஞ்சு காரணமில்லாமல் படபடக்கும். பிறகு வயிற்றுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல ஒரு அனல் கிளம்பி மார்பு, கழுத்து, காதுமடல் என்று ஏறும். உச்சந்தலை வரை போய் வியர்வையாக உடைந்து ஊற்றும். ஐந்து நிமிஷத்தில் அதே வியர்வை குளிர்ந்து உடம்பு நடுங்கும். அதன் பிறகு தூக்கமாவது ஒன்றாவது. கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் வேலை. இரண்டு நாற்பது. முள் இரண்டும் இருட்டில் பச்சையாக மினுங்கின.

வீடு அமைதியாக இருந்தது. தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. தடித்த சுவர் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்டது.

அப்போதுதான் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது.

கீழே சர்வேயர் நடக்கிறார் என்று நினைத்தாள். காதைக் கூர்மையாக்கினாள். சத்தம் கீழேயிருந்து வரவில்லை. ஜன்னலிலிருந்து கதவு வரை ஏழு அடி. கதவருகே ஒரு நிறுத்தம். திரும்பி ஜன்னல் வரை ஏழு அடி.

இந்த அறைக்குள்ளேதான்.

எலியாக இருக்கும், பழைய வீடு, மரச்சட்டம் சுருங்குகிற சத்தமாக இருக்கும் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். எலிக்கு ஏது செருப்பு? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தைல வாசனை அடித்தது, நெற்றிப்பொட்டில் தேய்க்கிற தைலம். காதுக்குப் பக்கத்தில் களைத்துப்போன ஒரு குரல் மெல்லக் கேட்டது.

"மணி என்ன?"

கணவர்தான் விழித்துக்கொண்டார் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. "ரெண்டு நாப்பத்தஞ்சு. தூங்குங்க" என்றாள்.

"ம்ம்..." என்று ஒரு பெருமூச்சு.

பெருமூச்சு ஜன்னல் பக்கத்திலிருந்து வந்தது. கணவர் இந்தப் பக்கம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

விடிகிற வரை அவள் அசையவில்லை. ஜன்னல் வெளுத்த பிறகு எழுந்து பார்த்தாள். அறையில் ஒன்றுமில்லை. காப்பி குடிக்கும்போது கணவரிடம் சொன்னாள்.

"சரியா தூங்காதவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். பிரமை" என்றார் அவர், செய்தித்தாளை மடித்துக்கொண்டே. "என் கடைக்கு ஒருத்தர் வர்றார். கண்ணாடி மாத்தினதும் அவருக்குப் பேய் போயிடுச்சு."

"எனக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு. காதுலதான் விழுந்துச்சு."

"அப்ப அதுக்கு வேற கடை" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ராத்திரியும் அந்தச் செருப்புச் சத்தம் வந்தது. அதற்கு மறுநாளும். "மணி என்ன?" என்று குரல் கேட்கும், கூர்ந்து கேட்டால் பெண் குரல். இவள் சொல்வாள். பெருமூச்சு வரும். சற்று நேரம் நடை நிற்கும். பிறகு மறுபடி தொடங்கும். சொல்லாமல் இருந்து பார்த்தாள் ஒரு நாள். நடை வேகமானது. ஏழு அடி, ஏழு அடி, ஏழு அடி என்று கூண்டுக்குள் சுற்றுகிற மாதிரி. தாங்க முடியாமல் "மூணேகால், மூணேகால்" என்று போர்வைக்குள்ளிருந்து கத்தினாள். அடங்கியது.

பயமாக இல்லையா என்றால், இருந்தது. ஆனால் ஊரே தூங்கும்போது தனியாக விழித்துக் கிடப்பதும் ஒரு பயம்தான், அதை ஒன்றரை வருஷமாகப் பழகியவள் அவள். இப்போது அவளோடு இன்னொருத்தியும் விழித்திருந்தாள். ஒரு ராத்திரி அனல் ஏறி அவள் திணறிக் கிடந்தபோது, தலையைத் தூக்கி வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி சாய்த்தாள். தலையணை சில்லென்று இருந்தது. யாரோ அதற்குள் அதைத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அவள் அந்த நேரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். படுக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். முன்பு இரண்டரை மணி வரையாவது தூங்கிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது அதுவும் போயிற்று. கண்ணைச் சுற்றிக் கருவளையம். பேசுகிற வார்த்தை பாதியில் மறந்துபோனது. வீட்டுச் சாவியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பிரசவ வார்டிலிருந்து அவசரமாக ரத்தம் கேட்டார்கள். அவள் ரத்த மாதிரியைச் சோதித்து, பொருத்தம் பார்த்து, சீட்டு எழுதி, பையில் ஒட்டினாள். இருபத்தாறு வருஷமாகச் செய்கிற வேலை. இரண்டாவது ஆளாகச் சரிபார்க்க வந்த சின்னப்பெண் பையை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா..." அவள் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "இவங்க பி குரூப் அக்கா. நீங்க ஒட்டியிருக்கிறது ஏ பை."

அவள் பார்த்தாள். தன் கையெழுத்துதான். சோதனைக் குழாயைப் பார்த்தாள். பி. குளிர்ப்பெட்டியைத் திறக்காமலே உடம்பு ஐஸாகிப்போனது.

சரியான பை ஓட்டமாக ஓடியது. பிரசவமான பெண் பிழைத்துக்கொண்டாள். அவள் மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "நான் கொன்னுருப்பேன்டி" என்றாள். சின்னப்பெண் தண்ணீர் கொடுத்தாள். "டாக்டர்கிட்ட போங்கக்கா. எங்கம்மா இதே மாதிரி மூணு வருஷம் யார்கிட்டயும் சொல்லாம இருந்து ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. நானே சீட்டு போட்டுத் தரேன், வாங்க."

பெண்கள் நல மருத்துவருக்கும் ஏறக்குறைய அவள் வயதுதான். மேஜையில் ஒரு குட்டி மின்விசிறி அவர் முகத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், செருப்புச் சத்தத்தைத் தவிர. டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வயசானா இதெல்லாம் சகஜம், பொறுத்துக்கோன்னு சொல்லியிருப்பாங்களே?"

"ஆமா டாக்டர்."

"சகஜம்தான். ஆனா பொறுத்துக்கணும்னு ஒண்ணுமில்ல." ரத்த அழுத்தம் பார்த்தார், மார்பகப் பரிசோதனைக்கு எழுதினார், குடும்பத்தில் யாருக்கு என்னென்ன நோய் என்று கேட்டார். அன்றே முடிவு வந்து, எல்லாம் சரியாக இருந்ததால் ஹார்மோன் மாத்திரை அவளுக்கு ஒத்துவரும் என்றார். "மாத்திரை அனலைக் குறைக்கும். தூங்குறதுக்கு நீங்க பழக்கத்தையும் மாத்தணும். மத்தியானத்துக்கு மேல காப்பி கிடையாது. படுத்து தூக்கம் வரலைன்னா புரண்டுட்டே கிடக்காதீங்க. எழுந்து வேற ரூமுக்குப் போய் உக்காருங்க, கண்ணு சொருகும்போது வந்து படுங்க. எவ்வளவு லேட்டா தூங்கினாலும் காலைல ஒரே நேரத்துக்கு எழுந்திருங்க. முக்கியமா ஒண்ணு. பெட்ரூம்ல கடிகாரம் இருக்கா?"

"இருக்கு."

"எடுத்துடுங்க. போனையும் வெளியில வைங்க. ராத்திரி மணி பார்க்கவே கூடாது."

அவள் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கடிகாரம் கூடத்துக்குப் போனது. அது இருந்த இடத்தில் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அன்று ராத்திரி குரல் கேட்டபோது, "தெரியலைம்மா, கடிகாரம் இல்ல" என்று இவள் மெல்லச் சொன்னாள். எழுந்து கூடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அறைக்குள் நடை ஓயவே இல்லை.

ஒரு வாரம் பலனில்லை. இரண்டாவது வாரம் அனல் குறைந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் கண்ணைத் திறந்தால் ஜன்னலில் வெளிச்சம். பால்காரர் மணியடித்துக்கொண்டிருந்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

நாலு நாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஐந்தாவது ராத்திரி யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கணவர்.

"ஏம்மா... நீயா மணி கேட்ட?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"நீ தூங்கிட்டுத்தானே இருந்த? அப்ப என் காதுகிட்ட வந்து யாரு..."

ஏழு அடி. நிறுத்தம். ஏழு அடி.

இந்தத் தடவை அவருக்கும் கேட்டது. பாய்ந்து போய் விளக்கைப் போட்டார். எரியவில்லை. கதவை இழுத்தார். கதவு அசையவில்லை.

வெளிப்பக்கம் தாழ்ப்பாள் விழுந்திருந்தது.

மாடியில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. போன் கூடத்தில். கணவர் கதவைத் தட்டினார். அவர் நிறுத்திய பிறகும் தட்டல் நிற்கவில்லை. அவர் நெஞ்சு உயரத்தில், உள்பக்கத்திலிருந்தே, விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். டொக். டொக். டொக். கோபமாகத் தட்டவில்லை. பல ராத்திரி தட்டிச் சலித்த கை தட்டுகிற மாதிரி இருந்தது.

"திறங்க..." என்றது குரல். "நான் எங்கயும் போக மாட்டேன். மணியாவது சொல்லுங்க."

கணவர் அவள் கையை எலும்பு நோகப் பிடித்துக்கொண்டார். அறை முழுக்கத் தைல வாசனை.

"விடியுமா, விடியாதா? அதையாவது சொல்லுங்க."

எத்தனை ராத்திரி இதே கேள்வியைக் கூரையைப் பார்த்து அவளே கேட்டிருக்கிறாள்! "விடியும்மா" என்றாள் இருட்டைப் பார்த்து. "எப்பன்னு தெரியல. ஆனா விடியும்."

ஈரமான மூச்சு ஒன்று அவள் கன்னத்தருகே வந்து நின்றது. வெகுநேரம் நின்றது.

காலையில் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டவர் சர்வேயர். தட்டுகிற சத்தம் கேட்டு, தன்னிடமிருந்த மாற்றுச் சாவியோடு, பல வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக மாடிக்கு ஏறி வந்திருந்தார். கதவு திறந்ததும் அவர் அவர்களைப் பார்க்கவில்லை. ஜன்னலைத்தான் பார்த்தார்.

"மணி கேட்டாளா?" என்றார்.

கணவர் ஆத்திரத்தில் கை ஓங்கியேவிட்டார். அவள் தடுத்தாள். கிழவரை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

சர்வேயரின் மனைவிக்கும் ஐம்பது வயதில் இது வந்தது. விடிய விடிய நடப்பாள். அரை மணிக்கு ஒரு தடவை அவரை எழுப்பி மணி கேட்பாள். அவர் காலையில் சங்கிலியையும் கொடியையும் தூக்கிக்கொண்டு நிலம் அளக்கப் போக வேண்டும். டாக்டரிடம் காட்டவில்லை. பொம்பளைங்க சமாச்சாரம், தானாகச் சரியாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் எரிச்சலில் அவளை மாடி அறையில் விட்டு, கடிகாரத்தைக் கழற்றி, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கீழே வந்து படுத்தார். நன்றாகத் தூக்கம் வந்தது. அதனால் அதுவே பழக்கமாகிவிட்டது.

"ரெண்டு வருஷம்" என்றார். "கதவுக்குப் பின்னாடியிருந்து கேட்பா. கீழ எனக்குக் கேட்கும். நான் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்ல. ஒரு நாள் காலைல திறந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா. கண்ணு திறந்தே இருந்துச்சு. எவ்வளவோ அமுக்கிப் பார்த்தோம், மூடவே இல்ல."

கணவர் உடனே சாமான்களைக் கட்டச் சொன்னார். அவள் அசையவில்லை. "இருங்க. அவங்க என் தூக்கத்தைப் பறிக்க வரலைங்க. அவங்களுக்கும் அது கிடைக்கல, அவ்வளவுதான்." பிறகு சர்வேயரைத் திரும்பிப் பார்த்தாள். "அவங்க கேட்கிறது எங்களை இல்ல. இன்னைக்கு ராத்திரி நீங்க இங்க இருக்கணும்."

"என்னால முடியாதும்மா."

"தாழ்ப்பாள் போட மாட்டோம். பயப்படாதீங்க" என்றாள். அந்த வார்த்தை அவரைச் சாட்டையால் அடித்தது போலிருந்தது. தலையாட்டினார்.

அன்று ராத்திரி கடிகாரம் மறுபடி அறைச் சுவருக்குப் போனது. அதன் அடியில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்தார். அவளும் கணவரும் கூடத்தில் ஒரு பாயை விரித்துச் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். கதவு அகலத் திறந்திருந்தது.

இரண்டு நாற்பதுக்கு நடை தொடங்கியது.

குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை. கிழவரின் குரல் மட்டும் கேட்டது. "ரெண்டே முக்கால்ம்மா" என்றார், அழுகையோடு. கொஞ்ச நேரம் கழித்து, "மூணேகால்." மறுபடி, "மூணு முப்பத்தஞ்சு... நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன்." ஒவ்வொரு தடவையும் நடை சற்று மெதுவானது. "நாலு அஞ்சு. தண்ணி வேணுமா? நாலரை. இன்னும் கொஞ்ச நேரம்தான்." இடையில் வெகுநேரம் எதற்காகவோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் காக்கை கத்தியபோது அவர் வெளியே வந்தார். ஒரே ராத்திரியில் இன்னும் பத்து வயது கூடினவர் மாதிரி இருந்தார்.

"விடிஞ்சிருச்சுன்னு சொன்னேன்" என்றார். "அப்புறம் அவ கேக்கல."

அன்றைக்கே தச்சரை வரவழைத்து அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னார். தச்சர் ஆணியைப் பிடுங்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அவளுக்கு எல்லா ராத்திரியும் தூக்கம் வந்தது என்று சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ விழிப்பு வரும். கூடத்துக்குப் போய் உட்கார்ந்தால், ஐந்து நிமிஷத்தில் கணவரும் தலையணையைக் கட்டிக்கொண்டு தள்ளாடி வந்து பக்கத்தில் உட்காருவார். பேச்சுத்துணைக்கு வந்தவர் உட்கார்ந்தபடியே குறட்டை விடுவார். அதுகூட அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ரத்த வங்கியில் அவள் எழுதுகிற சீட்டில் மறுபடி ஒரு பிழை வரவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டர் வரச் சொல்லியிருந்தார். மாலை நேரம். வெளியறையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நர்ஸிடம் போய்த் தன் சீட்டைக் கொடுத்தாள்.

"கொஞ்சம் உக்காருங்கம்மா" என்றாள் நர்ஸ். "உங்ககூட வந்தவங்க முதல்ல உள்ள போயிருக்காங்க. அவங்க வந்ததும் நீங்க போகலாம்."

"என்கூட யாரும் வரலையே?"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க பின்னாடியே வந்தாங்களே... போன தடவையும் வந்திருந்தாங்க. அன்னைக்கு உள்ள வரலை, வாசல்லயே நின்னுட்டாங்க. இன்னைக்குத்தான், நானும் காட்டிக்கட்டுமான்னு கேட்டாங்க. பாவமா இருந்துச்சு, அனுப்பிட்டேன்."

அவள் மெல்லத் திரும்பினாள். டாக்டர் அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டாக்டர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளாம்மா தூக்கமில்ல?"

பதில் எதுவும் கேட்கவில்லை. சற்று நேரம் பேனா தாளில் ஓடுகிற சத்தம்.

அவள் கதவருகே போய் நின்றாள். கைப்பிடியைத் தொடக் கை எழவில்லை.

"அவசரமில்ல" என்றார் டாக்டர் உள்ளே. "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா. நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."